டெக் டிக்கெட்டில் வந்த அம்மாவும் பால்கனி அறையும்

புறப்படும் முன்

என் அம்மா முதன்முதலில் கப்பல் ஏறியது 1961இல், நாகப்பட்டினத்தில். அப்போது வயது எட்டு. கப்பலின் பெயர் ரஜுலா. கூட வந்தது பாட்டி, சின்ன மாமா, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கோரைப்பாய். டெக் டிக்கெட், அதாவது அறை கிடையாது, கப்பல் தளத்திலேயே பாய் விரித்துக்கொள்ளவேண்டும். பினாங்கில் இறங்கி, அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்து, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் காலம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு அம்மா கப்பலே ஏறவில்லை. மரீனா பக்கம் வெள்ளைக் கப்பல்கள் நிற்பதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

இந்த மார்ச் பள்ளி விடுமுறைக்கு அம்மாவையும் பதினான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். நான்கு இரவு. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட், ஒரு முழு நாள் கடல், திரும்பச் சிங்கப்பூர். கப்பல், ராயல் கரீபியனின் ஆந்தம் ஆஃப் த சீஸ்.

எனக்கு இது மூன்றாவது கப்பல். 2022இல் சென்னைச் சொந்தக்காரர்களோடு கோர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸில் இரண்டு இரவு போனேன். 2023இல் அக்கா குடும்பத்தோடு ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிறுவனத்தின் கெந்திங் டிரீமில் மூன்று இரவு. தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எதுல போகலாம், காசுக்கு எது தகும்?" வாய்வார்த்தையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு இரவும் உட்கார்ந்து எழுதிவிடப் போகிறேன்.

புறப்படும் முன்பே ஒரு வருத்தம். முதலில் விசாரித்த பயண முகவர் தலைக்கு இவ்வளவு என்று சொன்ன விலையில் துறைமுகக் கட்டணம் இல்லை, வரி இல்லை, பணியாளர் டிப்ஸும் இல்லை. பணம் கட்டப் போன நாளில்தான் அதைச் சொன்னார். மூன்று பேருக்கும் சேர்த்துக் கூட்டினால் நானூறு வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் ஏறியது. அம்மாவிடம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு மறுபடி போய் வேறு தொகை சொல்ல எனக்கு மனமே இல்லை. வேறு இடத்தில் பதிந்தேன். நீங்கள் விலை கேட்கும்போதே "இறங்கும்வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, விளம்பரத்தில் போடும் விலை ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கு. தனியாகப் போகிறவருக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதே அறையில் மூன்றாவது ஆளைச் சேர்த்தால் அவருக்குக் குறையும். பாட்டி, மகள், பேத்தி என்று போகிற எங்களுக்கு அது வசதியாக அமைந்தது.

நாள் 1: சிங்கப்பூர்

மரீனா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் கப்பல் முனையம் நடந்து போகிற தூரம்தான். ஹார்பர்ஃபிரண்டில் ஏற்கெனவே ஒரு முனையம் இருக்கும்போது இங்கே இன்னொன்று எதற்கு என்று மகள் கேட்டாள். அங்கே தலைக்கு மேலே செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி இருக்கிறது. 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அதற்கு அடியில் நுழைய முடியாது. இப்போதைய கப்பல்கள் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டன. அதனால்தான் 2012இல் இந்த மரீனா பே முனையம் வந்தது.

பாலம் வழியாக நடந்து போகும்போது அம்மா நின்று அண்ணாந்து பார்த்தார். "இது என்னடி, புளோக்கு மாதிரி இருக்கு. கப்பல் எங்க?" இதுதான் கப்பல் என்று சொன்னேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

எங்கள் பால்கனி அறை 198 சதுர அடி. பால்கனி தனியாக 55. கட்டில் இருவருக்கு, சோபாவை விரித்தால் மகளுக்கு. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் மூன்று பேர் இடிக்காமல் புழங்கலாம். சென்னையில் ஏறிய எம்ப்ரஸில் அறைகள் இதைவிடச் சின்னவை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கப்பல் 1990இல் பிரான்ஸின் செயின்ட் நசேரில் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. முதலில் அதை ஓட்டியது இதே ராயல் கரீபியன்தான். மயாமியிலிருந்து பஹாமாஸ் பக்கம் மூன்று நாள், நான்கு நாள் போய்வருகிறவர்களுக்காக வடிவமைத்தார்கள். அறை தூங்குவதற்கு மட்டும், மற்ற நேரமெல்லாம் வெளியே என்பது அன்றைய எண்ணம். பின்னால் கைமாறி, 2021இல் மும்பையிலிருந்தும் 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் ஓடத் தொடங்கியது. அன்றைய அறை அளவு அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன். கப்பலில் எவ்வளவு நெருக்கடி இருக்கும் என்பதை ஏறும் முன்பே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு கப்பலுக்கும் மொத்த டன் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். பலர் அதை எடை என்று நினைக்கிறார்கள். அது கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் கொள்ளளவு. அதை, அறைக்கு இருவர் என்று வைத்து வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு தலைக்கு எவ்வளவு இடம் என்று வந்துவிடும். ஆந்தம் 1,68,666 டன், 4,180 பேர். தலைக்கு 40. கெந்திங் டிரீம் 1,50,695 டன், 3,352 பேர். தலைக்கு 45. எம்ப்ரஸ் 48,563 டன், சுமார் 1,600 பேர். தலைக்கு 30. பள்ளி விடுமுறையில் மூன்றாவது நான்காவது படுக்கைகளும் நிரம்பிவிடும் என்பதால் இந்த எண் இறங்கும். ஆந்தம் முழுக்க நிரம்பினால் 4,905 பேர், அப்போது தலைக்கு 34தான். பகல் இரண்டு மணிக்கு மேல்மாடி உணவகத்தில் மேசை தேடி நடக்கும்போது அந்த ஆறு டன் வித்தியாசம் காலில் தெரிந்தது.

ரஜுலாவுக்கும் போட்டுப் பார்த்தேன். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், எட்டாயிரத்துச் சொச்சம் டன். ஒரு காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. அன்றைய அளவு முறை வேறு என்றாலும், தலைக்கு இரண்டு டன்கூட வரவில்லை. கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். அம்மா அதற்குள் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபத்து நேரத்தில் எங்கே கூடவேண்டும் என்ற பயிற்சி இப்போதெல்லாம் எளிதாகிவிட்டது. காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, நமக்குச் சொன்ன இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. கிளம்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நங்கூரமிட்டு நின்ற சரக்குக் கப்பல்களுக்கு நடுவே மெதுவாக நகர்ந்தோம். நகர்கிறோம் என்பதே பக்கத்துக் கப்பலைப் பார்த்தால்தான் தெரிகிறது.

நாள் 2: மலாக்கா நீரிணை, பினாங்கு

காலையில் மகளை இழுத்துக்கொண்டு எல்லா மாடியும் சுற்றினேன். காற்றில் மிதக்கும் கண்ணாடிக் குழாய், செயற்கை அலையில் சறுக்கும் இடம், உள்ளரங்கில் மோதுகார், இயந்திரக் கைகள் மது கலந்து கொடுக்கும் பார். கப்பலின் பின்பக்கத்தில் டூ செவன்ட்டி என்று ஒரு கூடம். மூன்று பக்கமும் மாடி உயரக் கண்ணாடி. பகலில் அங்கே உட்கார்ந்தால் கப்பல் விட்டுப்போகும் வெள்ளைத் தடம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெரியும். இரவில் அதே கண்ணாடியின்மேல் படம் காட்டி, ஆறு பெரிய திரைகளை இயந்திரக் கைகள் தூக்கி ஆட்ட, நிகழ்ச்சி நடக்கும். மகளுக்கு இந்தக் கப்பல் சொர்க்கம். காற்றுக் குழாயில் அவள் மிதந்து இறங்கியபோது இருந்த முகத்தை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை.

கப்பலின் சூழல் என்பது அது யாரை மனதில் வைத்துக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது என்று மூன்று கப்பல் பார்த்தபின் உறுதியாகச் சொல்வேன். ஆந்தம் 2015இல் அமெரிக்கக் குடும்பங்களுக்காகக் கட்டியது. சும்மா இருக்க விடாது. காலை ஏழு மணிக்கே எங்காவது ஒரு போட்டி, ஒரு பாட்டு, ஓர் அறிவிப்பு. கெந்திங் டிரீம் 2016இல் ஆசியக் குடும்பங்களுக்காகக் கட்டியது. பக்கவாட்டில் கடற்கன்னியும் விண்வெளி வீரனும் பெரிதாக வரைந்திருக்கும். அடுத்தடுத்த அறைகளைக் கதவு திறந்து ஒன்றாக்கிக்கொள்ளும் வசதி நிறைய வைத்திருக்கிறார்கள். தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஒரே கூட்டமாக வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். நாங்கள் ஒன்பது பேர் போனோம், இரவு முழுக்க ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹலால் சான்று பெற்ற சமையலும், இந்திய சைவ, ஜைனச் சாப்பாடும் தனியாக உண்டு. பல வகையினரும் கலந்த குழுவாகப் போனால் கெந்திங் டிரீமில் சாப்பாட்டுக்கு யாரும் தவிக்கமாட்டார்கள்.

எம்ப்ரஸின் சூழலே வேறு. அது நம் கல்யாண வீடு. மேளம், இந்திப் பாட்டு, சுடச்சுடப் பூரி, யாரென்றே தெரியாத மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து "எந்த ஊரு?" என்று கேட்பது. என் பெரியம்மா கடலையே பார்க்கவில்லை, இரண்டு நாளும் பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. முதன்முதலாகக் கப்பல் ஏறுகிற, ஆங்கிலம் பேசத் தயங்குகிற பெரியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் எண்ணம்.

மதியத்துக்கு மேல் பினாங்கு. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் பியர், பினாங்கு நகரமான ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. இந்தப் பாதையில் பினாங்குதான் எனக்கு மிகப் பிடித்த நிறுத்தம். பேருந்து வேண்டாம், சுற்றுலாத் தொகுப்பு வேண்டாம். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் பினாங்குக்குக் காசு கொடுக்காதீர்கள். இறங்கி, விக்டோரியா ராணி மணிக்கூண்டைத் தாண்டி நடந்தாலே லிட்டில் இந்தியா வந்துவிடும்.

அம்மா மணிக்கூண்டைப் பார்த்ததும் வேகமாக நடக்க ஆரம்பித்தார். கைத்தடி பின்னால் வந்தது. குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் (1833இல் எழுந்தது) வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய், ஒரு தூணைத் தொட்டுக்கொண்டு நின்றார். கப்பலைவிட்டு இறங்கிய அன்றே பாட்டி அவரை இங்கேதான் கூட்டிவந்தாராம். அன்றைக்குத் தரை ஆடுகிற மாதிரியே இருந்ததாம். நாலைந்து நாள் கடலில் இருந்த கால். "அதான் தூணைப் பிடிச்சுக்கிட்டேன். இந்தத் தூண்தான்னு நெனைக்கிறேன்."

நோன்பு மாதம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் அந்தி நேரத்தில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நின்றது. இஞ்சி, வெந்தயம், தேங்காய்ப்பால் வாசம் தெருவரை வந்தது. அம்மா அந்த வாசத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் சிறுவயதில் பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பம் தினமும் ஒரு தூக்கில் அனுப்புமாம். கப்பலில் அன்று இரவு மூன்று வகை உணவு மேசைக்கு வந்தும் அம்மா பாதியோடு வைத்துவிட்டார்.

நாள் 3: புக்கெட்

புக்கெட்டில் இவ்வளவு பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குகிறார்கள். முதியவர்களோடு போகிறவர்கள் பதியும் முன்பே "படகில் இறங்கவேண்டிய துறைமுகம் எது" என்று கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இது சிரமம். கடல் கொஞ்சம் எழும்பினாலும் இறங்குவதே ரத்தாகிவிடலாம். மார்ச்சில் இந்தப் பக்கம் கடல் அமைதி. மே மாத வாக்கில் தென்மேற்குக் காற்று வந்துவிட்டால் நிலைமை வேறு.

அம்மா வரவேண்டாம், மேலேயே இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கப்பலின் வயிற்றில், தண்ணீர் மட்டத்துக்கு அருகே ஒரு கதவு. வெளியே படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு மாலுமிகள். ஒருவர் அம்மாவின் கைத்தடியை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும்வரை காத்திருந்து, "இப்போ" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா அதற்கு அரை நொடி முன்பே காலைத் தூக்கி வைத்துவிட்டார். படகு எழும்பும் நேரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

உட்கார்ந்ததும் சொன்னார். நாகப்பட்டினத்தில் ரஜுலா கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். பாய்மரப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அலை மேலே வரும்போது, கப்பலில் நிற்கிறவர் கையை நீட்டிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்வார். "ஒருத்தர் வீசினாரு, ஒருத்தர் புடிச்சாரு. நடுவுல கீழ பாத்தேன், பச்சத் தண்ணி." மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கரை வரும்வரை விடவில்லை.

பாத்தோங் பற்றி எழுத அதிகமில்லை. கடற்கரை நெரிசல், வெயில் கடுமை. ஓர் இளநீர் குடித்து, மணலில் கால் நனைத்து, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். பாதிப் பேர் கரைக்குப் போயிருந்ததால் நீச்சல்குளம் காலி. துறைமுக நாளில் கப்பலிலேயே இருந்தால் அதே காசுக்கு இரண்டு மடங்கு இடம் கிடைக்கும் என்பது எனக்கு மூன்றாவது கப்பலில்தான் புரிந்தது.

இரவு சாப்பாட்டில் ஒரு நல்ல விஷயம். எங்கள் மேசைக்குப் பரிமாறும் தம்பிக்குத் தூத்துக்குடிப் பக்கம். முதல் நாளே அம்மா பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். ஏழு மாத ஒப்பந்தமாம், அதில் ஐந்து முடிந்துவிட்டது. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்ததைவிட அவர்தான் கவனித்திருக்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை. பட்டியலிலும் இல்லை. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தயிர்ச்சோறு, மேலே கடுகு தாளித்து, ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய் ஒரு துண்டு. "குசினில நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

நாள் 4: கடலில்

இன்று முழுக்கக் கடல். சொகுசைப் பற்றி எழுத இதுதான் நாள்.

இந்தக் கப்பலிலும் கெந்திங் டிரீமிலும் கப்பலுக்குள் ஒரு கப்பல் இருக்கிறது. கெந்திங் டிரீமில் அதற்குத் தி பேலஸ் என்று பெயர். தனி உணவகம், தனி நீச்சல்குளம், கூப்பிட்டால் வந்து நிற்கும் பட்லர். ஆந்தமில் பெரிய சூட் அறைக்காரர்களுக்குக் கோஸ்டல் கிச்சன் என்ற தனி உணவகம். அட்டையைக் காட்டினால்தான் கதவு. அம்மாவுக்கு அதைக் காட்டியபோது உடனே புரிந்துகொண்டார். ரஜுலாவில் மேல் தளத்துக்குப் போகும் படிக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்குமாம், அதற்கு மேலே முதல் வகுப்பு. சின்ன மாமா அதைத் தாண்டிப் போய் அடி வாங்கினாராம்.

அந்தத் தனிப்பகுதிக்குக் காசு தகுமா? அக்கா கணவர் கெந்திங் டிரீமில் பேலஸ் எடுத்திருந்தார். கூட்டத்தில் வரிசை நிற்பது இல்லை, ஏறுவதும் இறங்குவதும் முதலில். அவருக்கு முழங்கால் வலி, அதனால் அவருக்கு அது தகும். ஆனால் குடும்பம் ஒன்பது பேரில் மூன்று பேர் மட்டும் வேறு இடத்தில் சாப்பிட்டது எனக்கு ஒட்டவில்லை. எல்லாரும் சேர்ந்து எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

உண்மையான சொகுசுக் கப்பல்கள் வேறு ரகம். ராயல் கரீபியன் குழுமத்துக்கே சொந்தமான சில்வர்சீயின் சில்வர் மியூஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் வந்தது. 40,791 டன், பயணிகள் 596 பேர்தான். முதல் நாள் சொன்ன கணக்கில் தலைக்கு 68. பணியாளர் 411 பேர், அதாவது மூன்று பயணிக்கு இரண்டு பேர். ஆந்தமில் பணியாளர் சுமார் 1,500, கிட்டத்தட்ட மூன்று பயணிக்கு ஒருவர். சில்வர் மியூஸில் எல்லா அறையும் சூட், எல்லா அறைக்கும் பட்லர், பானமும் டிப்ஸும் விலைக்குள்ளேயே. ஒரு இரவுக்கான விலை இங்கே கொடுப்பதைவிடப் பல மடங்கு. நான் அதில் போனதில்லை. எதிர்பார்ப்பை அந்தக் கப்பலிலிருந்து எடுத்துக்கொண்டு விலையை இந்தக் கப்பலில் தேடுகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே நாலாயிரம் பேரோடு போகிறோம் என்று தெரிந்து ஏறினால் குறை இல்லை.

இப்போது காசு. ஆந்தமில் பொதுவான உணவகங்கள், நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் எல்லாம் டிக்கெட்டுக்குள் அடங்கும். வெளியே நிற்பவை: மது, குளிர்பானம், இணையம், மாட்டிறைச்சிக்கும் இத்தாலிய, ஜப்பானியச் சாப்பாட்டுக்கும் உள்ள தனி உணவகங்கள். டிப்ஸ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க வெள்ளி. மூன்று பேர், நான்கு நாள், 222 அமெரிக்க வெள்ளி. கைக்குழந்தையானாலும் இதே கணக்கு. வாங்கும் ஒவ்வொரு பானத்துக்கும் மேலே 18 விழுக்காடு சேர்கிறது. நாங்கள் மூவரும் குடிப்பது தண்ணீர், தேநீர், எலுமிச்சைச் சாறு என்பதால் பானத் தொகுப்பு எடுக்கவில்லை. இணையத்தை ஒரே கைப்பேசிக்கு எடுத்தோம். தனி உணவகம் எதற்கும் போகவில்லை. மகள் ஒரே ஒரு நாள் கேட்டாள், பிறகு மறந்துவிட்டாள்.

இப்படிப் போனால் ஆந்தம் காசுக்கு நன்றாகவே தகும், அதிலும் துள்ளித் திரியும் பிள்ளைகள் இருந்தால். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், மது குடிப்பவர்கள், தனி உணவகம் வேண்டும் என்றால் இறுதிக் கணக்கு டிக்கெட் விலையைத் தாண்டிப் போகும். அப்போது இதே காசுக்குக் கெந்திங் டிரீமில் பெரிய பால்கனி அறையே எடுக்கலாம் என்று யோசிப்பேன். எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட அறைகளுக்கு அங்கே பால்கனி உண்டு. பால்கனிக்குக் காசு இல்லையென்றால் ஆந்தமின் உள்ளறையைப் பாருங்கள். 80 அங்குலத் திரையில் வெளியே உள்ள கடலை அந்த நேரத்திலேயே காட்டுகிறார்கள். விடியும்போது திரையும் விடிகிறது. எதிர் அறைக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். நன்றாகவே இருந்தது, காற்று மட்டும்தான் இல்லை. அம்மாவுக்குக் காற்று வேண்டும் என்பதால்தான் நான் பால்கனி எடுத்தேன்.

மாலையில் நார்த் ஸ்டார். மேல்தளத்திலிருந்து ஒரு கண்ணாடிக் கூண்டை இயந்திரக் கை கடல் மட்டத்துக்கு 300 அடி உயரத்துக்குத் தூக்குகிறது. அம்மா கடைசி நிமிடத்தில் "நானும் வரேன்" என்றார். மேலே போனபின் கூண்டு பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பி, கப்பலைவிட்டு விலகி, வெறும் தண்ணீருக்கு மேலே நின்றது. கீழே முழுக் கப்பலும் தெரிந்தது. குளம், நாற்காலிகள், எறும்பு மாதிரி ஆட்கள். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல், பிறகு இன்னொன்று. மேற்கே சூரியன்.

அம்மா மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு அந்தப் பக்கம்தானே?"

ஆமாம், சுமத்ராவைத் தாண்டி, வங்காள விரிகுடாவைத் தாண்டி என்றேன். தலையாட்டினார். கூண்டு இறங்கும்வரை வேறெதுவும் பேசவில்லை.

இரவு எல்லாரும் நன்றாக உடுத்தி வரும் விருந்து. அம்மா அரக்குக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டார். தூத்துக்குடித் தம்பி வாசலிலேயே பார்த்துவிட்டு, மேசையைக் கண்ணாடி ஓரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

நாள் 5: சிங்கப்பூர்

காலை ஆறு மணிக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு தயாராக நின்றோம். பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு இறங்கினால் முதல் வரிசையில் போய்விடலாம். முந்தின இரவே வெளியே வைத்துவிட்டால் கீழே போய்த் தேடி எடுக்கவேண்டும். பெரியவர்களோடு போனால் இரண்டாவது வழிதான் நல்லது. நான் முதல் வழியை எடுத்துக் கை வலியோடு நிற்கிறேன்.

இறுதிக் கணக்கு கைப்பேசியிலேயே வந்துவிட்டது. டிப்ஸ், இணையம், மகளின் இரண்டு மாம்பழச் சாறு, புக்கெட்டில் இறங்கிய நாளில் வாங்கிய ஒரு தொப்பி. எதிர்பார்த்த தொகைக்குள்தான்.

எம்ஆர்டியில் அம்மா கேட்டார், நாகப்பட்டினத்துக்கு இப்போது கப்பல் போகிறதா என்று. இங்கிருந்து இல்லை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஒரு பயணிகள் கப்பல் தொடங்கினார்கள், மழைக்காலத்தில் நிறுத்தி மறுபடி ஓட்டுகிறார்கள். சொகுசுக் கப்பல் இல்லை, சில மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற படகு.

"கரையிலேயே வந்து நிக்குமா?"

நிற்கும் அம்மா, துறைமுகத்திலேயே ஏறலாம் என்றேன்.

"அப்ப விசாரி."

டிசம்பர் விடுமுறை நாகப்பட்டினத்தில் மழை நேரம். அடுத்த மார்ச்சுக்கு விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.